2⁶⁴ − 1: இருபது இலக்க எண் ஒன்றைக் கையாலேயே பிரித்துப் பார்த்த அனுபவம்

சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு நெல்மணி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று கட்டத்துக்குக் கட்டம் இருமடங்காக்கிக்கொண்டே போனால், 64 கட்டங்களிலும் சேர்த்து எத்தனை மணி இருக்கும் என்ற பழைய கணக்கை ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் அண்ணன் மகளுக்குக் காட்ட நினைத்தேன். கணினியில் ஒரு விரிதாளைத் திறந்து, 2-இன் 64ஆம் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழிக்கும் சூத்திரத்தை எழுதி, கட்டத்தை அகலப்படுத்தினேன். 18446744073709600000 என்ற விடை வந்தது. அவள் சிறிது நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சித்தப்பா, ரெண்டால பெருக்கிக்கிட்டே போய் ஒண்ணைக் கழிச்சா ஒத்தைப்படை எண்தானே வரணும்? இது பூஜ்யத்துல முடியுதே?"

அவள் கேட்டது சரியான கேள்வி. விரிதாள் ஓர் எண்ணின் முதல் 15 இலக்கங்களை மட்டுமே காட்டும். அதற்குப் பின்னால் உள்ளவற்றை முழுமையாக்கிப் பூஜ்யங்களால் நிரப்பிவிடும். 2-இன் அடுக்குகளின் கடைசி இலக்கம் 2, 4, 8, 6 என்று நான்கடிக்கு ஒருமுறை சுழல்வதையும், 64 நான்கால் வகுபடுவதால் 2⁶⁴ ஆறில்தான் முடிய வேண்டும் என்பதையும் அவளே தாளில் எழுதிக் கண்டுபிடித்தாள். ஆகவே நமக்கு வேண்டிய எண்ணின் கடைசி இலக்கம் 5. திரையில் இருந்ததோ ஐந்து பூஜ்யங்கள். கணினியைத் தொடாமல் அந்த எண்ணின் இருபது இலக்கங்களையும் கண்டுபிடிப்பது, பிறகு அதன் காரணிகள் எல்லாவற்றையும் கண்டுபிடிப்பது, கண்டுபிடித்தவை உண்மையிலேயே பகா எண்கள்தான் என்று நிறுவுவது ஆகிய மூன்று வேலைகளையும் செய்துபார்ப்பதென்று அன்றே முடிவு செய்தோம். ஒரு கட்டம்போட்ட நோட்டும் பென்சிலும் மட்டுமே கருவிகள். வேலை ஏறத்தாழ மூன்று வாரம் நடந்தது. அந்த நோட்டிலிருந்து எழுதப்பட்டதே இந்தப் பதிவு.

முதலில் இருமடங்காக்கும் வழியையே பின்பற்றினோம். கட்டம்போட்ட தாளில் ஒரு கட்டத்துக்கு ஓர் இலக்கம் என்று எழுதி, ஒவ்வொரு வரியையும் அதற்கு மேலுள்ள வரியின் இருமடங்காக எழுதிக்கொண்டே போக வேண்டும். இப்படி 64 வரிகள் எழுதும்போது எங்காவது ஒரு பிழை நுழைந்தால் அதற்குப் பின் வரும் எல்லா வரிகளும் கெட்டுவிடும் என்பதால், இடையிடையே சோதிக்க ஒரு வழி தேவைப்பட்டது. ஓர் எண்ணின் இலக்கங்களைக் கூட்டி, வந்ததை மீண்டும் கூட்டி, ஓர் இலக்கமாகும்வரை கூட்டிக்கொண்டே போனால் கிடைப்பது அந்த எண்ணை 9-ஆல் வகுத்தால் வரும் மீதியாகும் (9 கிடைத்தால் மீதி பூஜ்யம்). 2-இன் அடுக்குகளுக்கு இந்த மீதி 2, 4, 8, 7, 5, 1 என்று ஆறடிக்கு ஒருமுறை சுழல்கிறது. எனவே 6, 12, 18, 24 என ஒவ்வோர் ஆறாவது வரியிலும் இலக்கக் கூட்டல் 1-இல் முடிகிறதா என்று பார்த்தால் போதும்.

36ஆம் வரிவரை சோதனை சரியாகவே வந்தது. 42ஆம் வரியில் 4398046479104 என்று எழுதியிருந்தேன். அதன் இலக்கங்களின் கூட்டுத்தொகை 59; 5 + 9 = 14; 1 + 4 = 5. வர வேண்டியது 1. ஆகவே பிழை 37-க்கும் 42-க்கும் இடையிலுள்ள ஆறு வரிகளுக்குள் இருந்தாக வேண்டும். 36ஆம் வரி 6871 கோடியே 94 லட்சத்து 76 ஆயிரத்து 736. அதன் இருமடங்கை எடுக்கும்போது, 736-இன் இருமடங்கு 1472 என்பதால் 472-ஐ எழுதிவிட்டு மிச்சம் 1-ஐ ஆயிரங்களுக்குக் கொண்டுபோக வேண்டும். 76-இன் இருமடங்கு 152, அதனோடு 1 சேர்ந்து 153 ஆக வேண்டும். நான் அந்த ஒன்றைச் சேர்க்க மறந்து, 13743 கோடியே 89 லட்சத்து 52 ஆயிரத்து 472 என்று எழுதியிருந்தேன். 37ஆம் வரியில் ஆயிரமாக இருந்த குறை, ஐந்து முறை இருமடங்காகி, 42ஆம் வரியில் 32 ஆயிரமாகியிருந்தது. சரியான 42ஆம் வரி 4398046511104. அதன் இலக்கக் கூட்டல் 46, பிறகு 10, பிறகு 1. ஆறு வரிகளை அழித்து எழுதிவிட்டு மேலே சென்றோம்.

64ஆம் வரியில் 18446744073709551616 வந்தது. ஆனால் இலக்கக் கூட்டல் சோதனைக்கு ஒரு குறை உண்டு: இரண்டு இலக்கங்கள் இடம் மாறிவிட்டால் கூட்டுத்தொகை மாறாது என்பதால் அந்தப் பிழையை அது காட்டிக்கொடுக்காது. இன்னொரு வழியாகவும் இதே எண்ணை அடைந்தால்தான் எனக்கு நிம்மதி. 2-ஐ வர்க்கப்படுத்தினால் 4, அதை வர்க்கப்படுத்தினால் 16, பிறகு 256, பிறகு 65536, பிறகு 4294967296; ஆறாவது வர்க்கமே 2⁶⁴. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அல்-பிருனி என்ற அறிஞர் இதே சதுரங்கக் கணக்கைப் போட்டபோதும் இப்படி வர்க்கப்படுத்தும் வழியையே விளக்கியிருக்கிறார். கடைசி வர்க்கம் மட்டுமே கடினமானது. பத்து இலக்க எண்ணை 42949 என்றும் 67296 என்றும் இரண்டாக வெட்டிக்கொண்டேன். 42949-இன் வர்க்கத்தை 43000-இலிருந்து 51 குறைவு என்று கொண்டு எடுத்தால் 1844616601. இரண்டையும் பெருக்கி இருமடங்காக்கினால் 5780591808. 67296-இன் வர்க்கம் 4528751616. முதலாவதற்குப் பின் பத்துப் பூஜ்யங்களும் இரண்டாவதற்குப் பின் ஐந்து பூஜ்யங்களும் சேர்த்து மூன்றையும் கூட்டினேன். 18446744073709551616 என்று இலக்கத்துக்கு இலக்கம் அதே எண் வந்தது.

ஒன்றைக் கழித்தால் 18446744073709551615. நம் வழக்கப்படி படித்தால், ஒரு லட்சத்து 84 ஆயிரத்து 467 கோடி கோடியும், அதன்மேல் 44 லட்சத்து 7 ஆயிரத்து 370 கோடியும், அதன்மேல் 95 லட்சத்து 51 ஆயிரத்து 615-உம். கடைசிச் சோதனையாக ஒன்றுவிட்டு ஒன்றாக இலக்கங்களைக் கூட்டினேன். வலக்கோடியிலிருந்து ஒற்றைப்படை இடங்களின் கூட்டல் 62, இரட்டைப்படை இடங்களின் கூட்டல் 25, வேறுபாடு 37. அதை 11-ஆல் வகுத்தால் மீதி 4. 2¹⁰-ஐ 11-ஆல் வகுத்தால் மீதி 1 என்பதால் 2⁶⁴-க்கும் 2⁴-க்கும் ஒரே மீதி, அதாவது 5. ஒன்றைக் கழித்தால் 4. இரண்டும் பொருந்தின. முதல் வேலை இத்துடன் முடிந்தது.

இரண்டாவது வேலையான காரணிப்படுத்துதலில், எண்ணின் உருவமே பாதி வேலையைச் செய்து கொடுத்துவிடுகிறது. பள்ளியில் எல்லோரும் படிக்கும் சூத்திரம்தான்: இரண்டு வர்க்கங்களின் வேறுபாடு, அவற்றின் மூலங்களின் கூட்டலையும் கழித்தலையும் பெருக்கியதற்குச் சமம். 2⁶⁴ − 1 என்பது 2³²-இன் வர்க்கத்திலிருந்து 1-இன் வர்க்கத்தைக் கழிப்பது. ஆகவே அது 2³² + 1, 2³² − 1 என்று இரண்டாகப் பிரிகிறது. பின்னது 2¹⁶ + 1, 2¹⁶ − 1 என்று பிரிகிறது. இப்படியே கீழே வந்தால் கடைசியில் 1 மட்டுமே மிஞ்சுகிறது. இதைக் கரும்பலகையில் எழுதியபோது, எட்டாம் வகுப்பில் மனப்பாடம் செய்த சூத்திரம் இருபது இலக்க எண்ணை ஒரே நிமிடத்தில் ஆறாக உடைத்ததைக் கண்டு அவளுக்கு வந்த வியப்பு எனக்கும் வந்தது. கிடைத்த ஆறு எண்கள் 3, 5, 17, 257, 65537, 4294967297.

இந்த ஆறும் கணித வரலாற்றில் பெயர்பெற்றவை. 2-இன் அடுக்கில் மீண்டும் 2-இன் அடுக்கை வைத்து ஒன்றைக் கூட்டினால் வருபவை இவை. ஃபெர்மா எண்கள் என்று அழைக்கப்படுகின்றன. இவ்வகை எண்கள் எல்லாமே பகா எண்கள் என்று பியர் டி ஃபெர்மா 1640 வாக்கில் கடிதங்களில் தம் நம்பிக்கையைத் தெரிவித்திருந்தார். முதல் ஐந்தும் அப்படித்தான் இருக்கின்றன. 3, 5, 17 வெளிப்படை. 257-இன் வர்க்கமூலம் 16-ஐச் சற்றே தாண்டுகிறது. 3, 5, 7, 11, 13 எதுவும் அதை வகுக்கவில்லை. 65537-க்கு 256-க்கு உட்பட்ட 54 பகா எண்களையும் சோதிக்க வேண்டும் என்று நினைத்து, அதைப் பிறகு பார்க்கலாம் என்று ஒதுக்கிவைத்தேன்.

4294967297-ஐ எடுத்துக்கொண்டபோதுதான் வழி தவறினேன். 3, 7, 11, 13 என்று பகா எண்களை வரிசையாக எடுத்து நீள்வகுத்தல் செய்யத் தொடங்கினேன். இரண்டு மாலைகளில் 113 வரை வந்தேன். அது 30ஆவது பகா எண். எதுவும் வகுக்கவில்லை, நோட்டில் பன்னிரண்டு பக்கங்கள் மட்டும் நிறைந்திருந்தன. இப்படியே போய் இந்த எண் பகா எண் என்று காட்ட வேண்டுமானால் 65536 வரையுள்ள 6542 பகா எண்களையும் சோதிக்க வேண்டும். எண்ணுக்கு ஓர் உருவம் இருக்கும்போது அதைக் கவனிக்காமல் வகுத்துக்கொண்டிருந்ததே நான் செய்த தவறு. எந்தப் பகா எண் இதை வகுக்கக்கூடும் என்பதை அந்த உருவமே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது.

அது எப்படி என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனெனில் இந்த வேலை முழுவதிலும் மிக அழகான இடம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு பகா எண் 2³² + 1-ஐ மீதியின்றி வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைப் 'ப' என்று குறிப்போம். அப்படியானால் ப-ஆல் வகுக்கும்போது 2³² தரும் மீதி −1 (முழுதாக வகுபட ஒன்று குறைகிறது என்பதை இப்படி எழுதுகிறோம்); அதன் வர்க்கமான 2⁶⁴ தரும் மீதி 1. 2, 4, 8, 16 என்று அடுக்குகளின் மீதிகளை வரிசையாக எழுதிக்கொண்டு போனால், ஏதோ ஓர் இடத்தில் 1 வந்து, அங்கிருந்து வரிசை மீண்டும் தொடங்கும். 64ஆம் அடியில் 1 வருவதால், அந்தச் சுழற்சியின் நீளம் 64-ஐ வகுக்க வேண்டும். அது 64-ஐவிடக் குறைவாக இருந்தால் 32-ஐயும் வகுக்கும். அப்போது 32ஆம் அடியிலேயே 1 வந்திருக்க வேண்டும். ஆனால் அங்கே நிற்பது −1. எனவே சுழற்சியின் நீளம் சரியாக 64. ஃபெர்மாவின் பெயரால் வழங்கும் ஒரு தேற்றப்படி ப − 1 அடிகள் சென்றாலும் 1 வந்தாக வேண்டும். ஆகவே 64 அடிச் சுழற்சி ப − 1 அடிகளுக்குள் முழு எண்ணிக்கையில் அடங்க வேண்டும்; அதாவது, ப என்பது 64-இன் மடங்கோடு ஒன்று கூட்டியதாக மட்டுமே இருக்க முடியும்.

இந்த ஒரு வரி நோட்டின் பன்னிரண்டு பக்கங்களையும் தேவையற்றதாக்கிவிட்டது. 64-இன் மடங்கோடு ஒன்றைக் கூட்டி எழுதினால் 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641 என்று போகிறது. இவற்றில் பகா எண்கள் 193, 257, 449, 577, 641 மட்டுமே. ஒன்று முதல் 641 வரை 116 பகா எண்கள் இருக்க, நாம் பார்க்க வேண்டியவை ஐந்தே ஐந்து. லியோனார்டு ஆய்லர் 1732-இல் இந்த எண்ணின் காரணியை அறிவித்தார். காரணிகள் 64-இன் மடங்கோடு ஒன்று கூட்டிய வடிவில்தான் இருக்க முடியும் என்ற நிறுவலையும் பின்னர் அவரே தந்தார். ஃபெர்மா எண்கள் எல்லாமே பகா எண்கள்தானா என்ற கேள்வியை அவர் கவனத்துக்குக் கொண்டுவந்தவர், 1729-இல் அவருக்குக் கடிதம் எழுதிய கோல்ட்பாக்.

ஐந்து எண்களையும் சோதிக்கப் பத்து இலக்க எண்ணை வகுக்கவும் தேவையில்லை. மீதிகளை மட்டும் வைத்துக்கொண்டு வர்க்கப்படுத்தினால் போதும். 193-ஐ எடுத்துக்கொள்வோம். 2⁸ = 256, மீதி 63. 63-இன் வர்க்கம் 3969, மீதி 109. இது 2¹⁶-இன் மீதி. 109-இன் வர்க்கம் 11881, மீதி 108. இது 2³²-இன் மீதி. ஒன்று கூட்டினால் 109. பூஜ்யம் வரவில்லை, எனவே 193 வகுக்காது. 257-ஐப் பொறுத்தவரை, 2⁸-இன் மீதி −1, ஆகவே 2³²-இன் மீதி 1, ஒன்று கூட்டினால் 2, வகுக்காது. 449-க்குக் கடைசியில் 325 வந்தது, 577-க்கு 288 வந்தது. 641-ஐ அண்ணன் மகளிடமே விட்டுவிட்டேன். 256-இன் வர்க்கம் 65536. அதிலிருந்து 641-இன் 102 மடங்கான 65382-ஐக் கழித்தால் 154. 154-இன் வர்க்கம் 23716, 641-இன் 36 மடங்கு 23076, கழித்தால் 640. "ஒண்ணு கூட்டினா 641. அப்ப மீதியே இல்ல!" என்று பென்சிலைக் கீழே வைத்தாள். மூன்று வரிகளில் முடிந்த அந்தக் கணக்கு இருக்கும் பக்கத்தின் மூலையில் அன்றைய தேதியை எழுதி வைத்திருக்கிறோம்.

வகுத்தலைச் செய்து பார்த்தபோது ஈவு 6700417 வந்தது. மறுபடியும் பெருக்கிச் சரிபார்த்தோம்: 6700417-இன் 600 மடங்கு 4020250200, 40 மடங்கு 268016680, ஒரு மடங்கு 6700417; மூன்றின் கூட்டல் 4294967297.

641 வகுக்கிறது என்பதை எந்த வகுத்தலும் இல்லாமல் காட்டும் வழி ஒன்றும் உண்டு. 641 என்பது 5-ஐ 2⁷-ஆல் பெருக்கி ஒன்றைக் கூட்டியது. அதே 641 என்பது 5⁴ + 2⁴, அதாவது 625 + 16. முதல் உருவத்தின்படி 5-ஐ 2⁷-ஆல் பெருக்கினால் மீதி −1; அதை நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴-ஐ 2²⁸-ஆல் பெருக்கியதன் மீதி 1. இரண்டாம் உருவத்தின்படி 5⁴-க்குப் பதிலாக −2⁴ என்று வைக்கலாம். வைத்தால் −2³²-இன் மீதி 1, அதாவது 2³²-இன் மீதி −1. இரண்டே வரிகளில் முடிந்துவிடுகிறது. 641 இப்படி இரண்டு உருவங்களில் ஒரே நேரத்தில் வந்து நிற்பது எனக்கு இன்றும் மகிழ்ச்சி தருகிறது.

அடுத்தது, 6700417 பகா எண்தானா என்ற கேள்வி. அதன் வர்க்கமூலம் 2588-ஐச் சற்றே தாண்டுகிறது. 2588 வரையுள்ள எல்லாப் பகா எண்களையும் சோதிக்க வேண்டியதில்லை என்பது இப்போது தெரியும்; அதன் காரணிகளும் 2³² + 1-இன் காரணிகளே. இங்கே இன்னும் ஒரு படி மேலே செல்லலாம். 1878-இல் எதுவார் லூகா, 64 என்பதை 128 ஆக்கலாம் என்று காட்டினார். 2⁸-ஐ 2¹⁶ − 1-ஆல் பெருக்கினால் 16776960. இதன் வர்க்கத்தை 2³² + 1-ஆல் வகுத்தால் மீதி 2 வருகிறது; 2³²-க்குப் பதிலாக −1 என்று வைத்து யாரும் இதைச் சரிபார்த்துக்கொள்ளலாம். அதாவது, ப-ஆல் வகுத்து மீதி பார்க்கும் இந்த உலகத்தில் 16776960 என்பது 2-இன் வர்க்கமூலம். 2-இன் சுழற்சி 64 அடி என்றால் அதன் வர்க்கமூலத்தின் சுழற்சி 128 அடி. எனவே ப − 1 என்பது 128-இன் மடங்காக இருக்க வேண்டும்.

128-இன் மடங்குகளோடு ஒன்றைக் கூட்டி 2588 வரை எழுதினால் இருபது எண்கள் வருகின்றன. 129 மூன்றால் வகுபடும், 385 ஐந்தால் வகுபடும், 1537 என்பது 29-ஐ 53-ஆல் பெருக்கியது, 1921 என்பது 17-ஐ 113-ஆல் பெருக்கியது, 2561 என்பது 13-ஐ 197-ஆல் பெருக்கியது. இப்படிக் கழித்துக்கொண்டே வந்தால் மிஞ்சும் பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409 ஆகிய ஐந்து. 257 ஏற்கெனவே விலகிவிட்டது. அது விலகுவதற்கு ஒரு பொதுக் காரணமும் உண்டு: ஒவ்வொரு ஃபெர்மா எண்ணும் அதற்கு முந்தைய எல்லா ஃபெர்மா எண்களின் பெருக்கலோடு 2 கூட்டியதற்குச் சமம் என்பதால், எந்த இரண்டு ஃபெர்மா எண்களுக்கும் 1-ஐத் தவிர வேறு பொதுக் காரணி இருக்க முடியாது. மற்ற நான்காலும் 6700417-ஐ நேரடியாக வகுத்தேன். 641-ஆல் வகுத்தால் மீதி 44; 769-ஆல் 120; 1153-ஆல் 334; 1409-ஆல் 622. ஒன்றுகூடப் பூஜ்யம் இல்லை. ஆகவே 6700417 பகா எண்.

769-இன் மீதியை மட்டும் இன்னொரு வழியாகவும் சரிபார்த்தேன். 2⁸ = 256; அதன் வர்க்கத்தின் மீதி 171; அதன் வர்க்கம் 29241, மீதி 19. ஆகவே 2³² + 1-இன் மீதி 20 ஆக வேண்டும். மறுபக்கம் 641-ஐயும் 120-ஐயும் பெருக்கினால் 76920. 769-இன் நூறு மடங்கைக் கழித்தால் 20. இரு வழிகளும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன.

ஒதுக்கிவைத்திருந்த 65537-க்கு இதே முறையைத் திருப்பியபோது, அதன் காரணிகள் 64-இன் மடங்கோடு ஒன்று கூட்டிய வடிவில் இருக்க வேண்டும் என்று வந்தது. 256-க்கு உட்பட்டு அப்படி இருப்பவை 65, 129, 193 ஆகிய மூன்றே. அவற்றில் பகா எண் 193 ஒன்றுதான். 2¹⁶-ஐ 193-ஆல் வகுத்தால் மீதி 109 என்று முன்னமே கண்டோம். ஒன்று கூட்டினால் 110. 54 வகுத்தல்கள் வேண்டும் என்று நினைத்து ஒதுக்கிய வேலை, புதிதாக ஒரு வகுத்தல்கூட இல்லாமல் முடிந்தது.

ஆக, 18446744073709551615 என்பது 3, 5, 17, 257, 641, 65537, 6700417 ஆகிய ஏழு வெவ்வேறு பகா எண்களின் பெருக்கல். ஒவ்வொன்றையும் சேர்க்கலாம் அல்லது விடலாம் என்பதால் அதற்கு 128 வகுத்திகள். எந்தப் பகா எண்ணும் இரண்டு முறை வரவில்லை. இலக்கக் கூட்டல் 87 என்பதிலேயே, அது மூன்றால் வகுபடும், ஒன்பதால் வகுபடாது என்று முன்பே தெரிந்திருந்தது. கடைசியாக, எத்தனை இலக்க முழு எண்ணையும் குறையாமல் கையாளும் பைத்தான் மொழியில் ஏழையும் பெருக்கிப் பார்த்தோம். நோட்டில் இருந்த எண்ணே வந்தது.

காரணிகள் கையில் வந்தபின் அந்த எண் வேறு இடங்களிலும் தென்படத் தொடங்கியது. அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு ஒழுங்கான 17 பக்கப் பலகோணத்தை வரைய முடியும் என்று கார்ல் ஃபிரெடரிக் காஸ் 1796-இல் கண்டார். வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் (பகா எண்களாக உள்ள ஃபெர்மா எண்களின்) பெருக்கலாகவோ, அதனுடன் 2-இன் அடுக்கு சேர்ந்ததாகவோ பக்கங்களின் எண்ணிக்கை இருந்தால் அந்தப் பலகோணத்தை வரையலாம் என்பதை 1801-இல் வெளியிட்டார். மற்றவற்றை வரைய முடியாது என்ற மறுபாதியை வான்ட்செல் 1837-இல் நிறுவினார். அறியப்பட்ட ஃபெர்மா பகா எண்கள் 3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்து மட்டுமே. அவற்றின் பெருக்கல் 4294967295, அதாவது 2³² − 1. வரையலாம் என்று தெரிந்த பலகோணங்களுள் பக்க எண்ணிக்கை ஒற்றைப்படையாக உள்ளவற்றில் மிகப் பெரியது இதுதான். நம் எண்ணுக்கு அந்தத் தகுதி இல்லை; 641-உம் 6700417-உம் ஃபெர்மா பகா எண்கள் அல்ல. ஆய்லர் கண்ட அந்த ஒரு காரணி இங்கே வந்து வழியை அடைக்கிறது.

இதைக் கண்ணாலேயே காணும் வழி ஒன்றை அண்ணன் மகள் செய்துபார்த்தாள். ஓரங்களில் 1-உம், உள்ளே மேலுள்ள இரண்டு எண்களின் கூட்டலும் வரும்படி வரிவரியாக எழுதும் பாஸ்கல் முக்கோணத்தில் ஒற்றைப்படை எண் உள்ள கட்டத்துக்கு வண்ணம் தீட்டி, இரட்டைப்படை எண் உள்ள கட்டத்தைக் காலியாக விட வேண்டும். மேலிருந்து பூஜ்யமாவது வரி என்று தொடங்கி, வண்ணக் கட்டத்தை 1 என்றும் காலிக் கட்டத்தை 0 என்றும் கொண்டு இரும எண்ணாகப் படித்தால் 1, 3, 5, 15, 17, 51, 85, 255, 257 என்று வருகின்றன. ஒவ்வொன்றும் ஃபெர்மா எண்களின் பெருக்கல். அவள் வரைபடத்தாளில் 32 வரிகளைத் தீட்டி முடித்தாள். கடைசியில் உள்ள 31ஆம் வரியின் 32 கட்டங்களும் வண்ணமாகவே இருக்கின்றன, அதுதான் 4294967295. பூஜ்யமாவது வரியிலுள்ள 1-ஐ விட்டுவிட்டால், மற்ற 31 வரிகளும் வரையக்கூடிய ஒற்றைப்படைப் பலகோணங்களின் பட்டியலாகவே அமைகின்றன. 32ஆம் வரி 2³² + 1. அங்கே அந்த ஒழுங்கு முறிகிறது. தாளை இன்னும் நீட்டி 63ஆம் வரிவரை போனால், 64 கட்டங்களும் வண்ணமாக நம் எண் நிற்கும். சதுரங்கப் பலகையின் 64 கட்டங்களிலும் ஒன்றுவிடாமல் நெல் இருப்பதும் இதுவும் ஒரே செய்திதான்.

நோட்டில் இன்னும் பக்கங்கள் இருந்ததால் அடுத்த ஃபெர்மா எண்ணைத் தொடங்கியிருக்கிறோம். அது நம் எண்ணைவிட இரண்டே அதிகம்: 18446744073709551617. அதன் காரணிகள் 256-இன் மடங்கோடு ஒன்று கூட்டிய வடிவில் இருக்கும். லாந்த்ரி 1880-இல் வெளியிட்ட காரணி 274177, அதாவது 256-இன் 1071 மடங்கோடு ஒன்று கூட்டியது. விடை தெரிந்திருந்தாலும், வழியில் உள்ள பகா எண்களை ஒவ்வொன்றாகத் தாண்டியே அங்கு போக வேண்டும் என்பது அவளுடைய விருப்பம். 257-க்கு மீதி 2, 769-க்கு மீதி 362, 3329-க்கு மீதி 2989. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் உட்காருகிறோம். இப்போதைக்குப் பதின்மூன்றாம் மடங்குவரை முடிந்திருக்கிறது.